கைக்குழந்தையோடு விமானப் பயணம்: மடியில் வைக்கலாமா, கார் சீட் வேணுமா? மதுரை பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

துபாயில் 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை காரில் அதற்கான சீட்டில் உட்கார வைக்காவிட்டால் 400 திர்ஹாம் அபராதம். 2017-ல் இருந்து அங்கே அதுதான் சட்டம். அங்கே வேலை பார்க்கும் நம்மூர்க் குடும்பங்களும் மறுபேச்சு இல்லாமல் கார் சீட் வாங்கி மாட்டிவிடுகின்றன.

அதே குடும்பம் லீவுக்கு மதுரை விமான நிலையத்தில் இறங்கினால் என்ன நடக்கிறது? வாசலில் வேன் நிற்கும். தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை என எல்லாரும் வந்திருப்பார்கள். பிள்ளையை முதலில் வாங்குவது பாட்டிதான். முன் சீட்டில் பாட்டி, பாட்டி மடியில் குழந்தை. மண்டேலா நகரைத் தாண்டி நான்கு வழிச்சாலை ஏறியதும் வண்டி 80-ல் பறக்கும்.

"பச்சப் பிள்ளைய பிளேன்ல கூட்டிட்டு வர்றது சேஃபா?" என்று கிளம்பும் முன் நூறு தடவை கேட்டவர்கள், கடைசியாக வரும் இந்த 70, 80 கிலோமீட்டர் பற்றி ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. குழந்தையோடு பறப்பது பற்றியும் கார் சீட் பற்றியும் முடிவெடுக்கும்போது இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

விமானத்தில் விதி என்ன?

2 வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம் இல்லை. பெரியவர் ஒருவர் மடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொள்ளலாம். இந்தியா, அமெரிக்கா உட்பட பெரும்பாலான நாடுகளில் இதுதான் நடைமுறை. இரட்டைக் குழந்தை என்றால் பெரியவர்களும் இரண்டு பேர் வேண்டும். வயதுக்குச் சான்று கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழை கைப்பையிலேயே வைத்துக்கோங்க. பிறந்து சில நாட்களே ஆன சிசுவை ஏற்றுவதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது. டிக்கெட் போடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

மடியில் வைப்பது அனுமதிக்கப்பட்டது என்பதாலேயே அதுதான் மிகப் பாதுகாப்பானது என்று அர்த்தம் இல்லை. இதற்குப் பின்னால் 36 ஆண்டுக்கும் மேலான ஒரு சண்டை இருக்கிறது.

தரையில் படுக்க வைக்கச் சொன்னார்கள்

1989 ஜூலை 19. அமெரிக்காவின் டென்வரில் இருந்து சிகாகோ கிளம்பிய யுனைடெட் 232 விமானத்தின் வால் பகுதி இன்ஜின் நடுவானில் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் அமைப்பு மொத்தமும் செயலிழந்தது. முக்கால் மணி நேரம் போராடி, அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் தரையிறக்கப் பார்த்தார்கள். விமானம் ஓடுபாதையில் மோதி உடைந்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள்.

அந்த விமானத்தில் நான்கு குழந்தைகள் பெற்றோர் மடியில் பயணம் செய்தார்கள். அன்றைய வழிமுறைப்படி, தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், குழந்தைகளைத் தரையில் கிடத்தி, தலையணை வைத்து, கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மோதிய வேகத்தில் கையால் பிடித்துவைப்பது பெரும்பாடாகிவிட்டது. நான்கு பேரில் ஒரு குழந்தை இறந்துபோனது. வெளியே வந்த ஜான் பிரவுன், பிள்ளையைத் தேடி எரிகிற விமானத்துக்குள் திரும்பப் போகப் பார்த்த தாயை எதிரே கண்டார். அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை, தனி பெல்ட்.

அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியமும் 1990-ல் அதையே பரிந்துரைத்தது. குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அதையே சொல்கிறது. ஆனால் விமானப் போக்குவரத்து ஆணையம் 2005-ல், கட்டாயம் ஆக்கப் போவதில்லை என்று கையை விரித்துவிட்டது.

காரணம் கேட்டால் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். தனி சீட் கட்டாயம் என்றால் கூடுதலாக ஒரு டிக்கெட் வாங்க வேண்டும். செலவுக்குப் பயந்து சில குடும்பங்கள் விமானத்தை விட்டுவிட்டு காரில் கிளம்பும். ரோட்டில் ஆபத்து பல மடங்கு அதிகம். ஆக, வானத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் ரோட்டில் பல குழந்தைகளை இழப்போம் என்பது அவர்கள் வாதம். 2003-ல் வந்த ஒரு மருத்துவ ஆய்வும் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. விமானத்தில் தனி சீட் கட்டாயமானால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாகத் தடுக்கப்படும் குழந்தை மரணம் 0.4. அதாவது ஐந்து ஆண்டுக்கு இரண்டு. 5 முதல் 10 சதவீதக் குடும்பங்கள் காருக்கு மாறினாலே அந்த லாபம் போய்விடும்.

நம்ம ஊருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

பாதி பொருந்தும். துபாய், சிங்கப்பூர், கொழும்பில் இருந்து மதுரைக்கு யாரும் காரில் வரப்போவதில்லை. சென்னைக்கு என்றால், விமானம் கட்டுப்படியாகாதவர்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கைக்குழந்தைக்கு அது நல்ல வழிதான், அதில் கார் சீட் பேச்சே இல்லை.

பொருந்துகிற பாதி எது என்றால், ரோடுதான் ஆபத்து என்பது. 2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக சாலை விபத்து நடந்த மாநிலம் நம்முடையதுதான், 64,105 விபத்துகள். அந்த ரோடு விமானப் பயணத்தின் இரண்டு முனையிலும் இருக்கிறது. மதுரை விமான நிலையத்தில் இறங்குபவர்களில் நகரத்துக்குள் போகிறவர்கள் ஒரு பகுதிதான். மற்றவர்கள் தேனி, ராஜபாளையம், சிவகங்கை, ராமநாதபுரம் என்று கிளம்புகிறார்கள். அதுவும் பெரும்பாலும் தூங்காத டிரைவரோடு, ராத்திரியில்.

அகமதாபாத் விபத்துக்கு அப்புறம் பயமா இருக்கே?

2025 ஜூன் 12-ம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்ததில், உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் தவிர எல்லோரும் இறந்தார்கள். அந்த மாதிரி விபத்தில் மடியா, சீட்டா என்ற கேள்விக்கே இடமில்லை. குழந்தைக்கான சீட் உதவுவது, விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடுவது, நடுவானில் குலுங்குவது போன்ற, பலர் பிழைக்கக்கூடிய சம்பவங்களில்.

அப்படி ஒன்றுதான் 2020 ஆகஸ்ட் 7-ல் கோழிக்கோட்டில் நடந்தது. கொரோனா காலத்தில் துபாயில் இருந்து ஊர் திரும்பியவர்களோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மழையில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள். 190-ல் 10 பேர் கைக்குழந்தைகள்.

நடுவானில் குலுங்குவதை, அதாவது டர்புலன்ஸை, சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2024 மே 21-ல் லண்டனில் இருந்து சிங்கப்பூர் வந்த விமானம் மியான்மருக்கு மேலே தூக்கிப் போடப்பட்டது. முதல்கட்ட விசாரணை அறிக்கைப்படி, ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் தங்கள் எடையைப் போல ஒன்றரை மடங்கு விசையோடு கூரையைப் பார்த்துத் தூக்கப்பட்டார்கள். 8 கிலோ குழந்தை என்றால் 12 கிலோ இழுப்பு, அதுவும் மேல்நோக்கி. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அம்மா எப்படிப் பிடிப்பார்? 2022 மே 1-ல் மும்பையில் இருந்து துர்காப்பூர் போன ஸ்பைஸ்ஜெட் விமானத்திலும் இதேபோல் குலுங்கிப் பலர் காயமடைந்தார்கள்.

மடியில்தான் வைக்கப் போறோம், என்ன செய்யணும்?

குழந்தைக்கான சின்ன பெல்ட்டைக் கேட்டு வாங்குங்க. அது உங்கள் பெல்ட்டோடு கோர்த்து, குழந்தையின் இடுப்பைச் சுற்றி வரும். ஐரோப்பாவில் இது கட்டாயம். அமெரிக்காவிலோ விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் இதற்குத் தடை; மோதலில் குழந்தையின் வயிற்றை இறுக்கிவிடும் என்பது அவர்கள் கவலை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் நடுவானில் குலுங்கும்போது ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துப் போட்டுவிடாதீங்க. விமானம் திடீரென்று நின்றால் உங்கள் மொத்த எடையும் குழந்தை மேல்தான் இறங்கும். காரிலும் இதே கதைதான்.

மதுரைக்கு வருபவை பெரும்பாலும் ஏடிஆர், ஏர்பஸ் 320, போயிங் 737 ரக விமானங்கள். சுவரில் மாட்டும் தொட்டில் பெரிய விமானங்களில் வருவது, இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அவசர வழி வரிசையில் குழந்தையோடு உட்கார விடமாட்டார்கள். ஒரு வரிசையில் கூடுதல் ஆக்சிஜன் முகமூடி அளவாகத்தான் இருக்கும், அதனால் இரண்டு கைக்குழந்தைக் குடும்பம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பணிப்பெண் இடம் மாற்றுவார், கோபப்பட வேண்டாம். முகமூடி இறங்கினால் முதலில் நீங்கள் மாட்டிக்கோங்க, பிறகு குழந்தைக்கு. மனசு கேட்காதுதான். ஆனால் நீங்கள் மயங்கிவிட்டால் குழந்தைக்கு மாட்ட ஆள் இருக்காது.

காதுவலிக்குப் பால் கொடுப்பதுதான் எளிய வழி. விமானம் இறங்க ஆரம்பிக்கும்போது கொடுத்தால் போதும், விழுங்கும்போது காது அடைப்பு விடும்.

கார் சீட்டை விமானத்துக்குள் கொண்டுபோகலாமா?

குழந்தைக்குத் தனி டிக்கெட் எடுத்தால் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. சீட்டின் ஒட்டுச்சீட்டில் விமானத்துக்கும் சான்று பெற்றது என்ற வரி இருக்க வேண்டும். அமெரிக்க சீட்களில் இது சிவப்பு எழுத்தில் இருக்கும். ஜன்னல் ஓர இருக்கையில்தான் வைக்க விடுவார்கள், மற்றவர் வெளியேறும் வழி மறையக்கூடாது என்பதால். 10 முதல் 20 கிலோ வரை உள்ள குழந்தைக்கு கேர்ஸ் என்ற மடித்து எடுத்துப்போகும் பட்டையும் உண்டு. எதுவானாலும் டிக்கெட் போடும்போதே நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கோங்க. கவுண்டரில் போய் வாதாடுவது நடக்காத காரியம்.

சென்னைக்கு ஒண்ணேகால் மணி நேரப் பறப்புக்கு இவ்வளவு செலவு தேவையா என்றால், மடியும் சின்ன பெல்ட்டும் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். வளைகுடாவில் இருந்தோ சிங்கப்பூரில் இருந்தோ நாலு மணி நேரம் வருகிறீர்கள், கையில் காசும் இருக்கிறது என்றால் தனி இருக்கை எடுப்பது நல்ல முடிவு. கையில் இருப்பது ஒரு செலவுக்கு மட்டும்தான் என்றால், அது காருக்கான சீட்டுக்குப் போகட்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்கும் காரில் பெல்ட் இல்லாத குழந்தைக்கு, சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்த அடி. அதாவது மூன்று மாடி. குழந்தைகளுக்கான சீட் சாலை விபத்து மரணத்தை 60 சதவீதமாவது குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வெளிநாட்டில் ஏற்கெனவே கார் சீட் வைத்திருப்பவர்கள் அதை அங்கேயே விட்டுவிட்டு வராதீங்க. விமானத்துக்குள் வைக்க முடியாவிட்டாலும் லக்கேஜில் போடலாம். பல நிறுவனங்கள் இதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. நன்றாகச் சுற்றிக் கட்டி, இறங்கியதும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்க.

இங்கேயும் சட்டம் இருக்கு, தெரியுமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது ஆகாத குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். 2019 செப்டம்பர் 1-ல் இருந்து அமலில் இருக்கிறது. பிடித்ததாகக் கேள்விப்படுவது அரிது என்பதால் பலருக்குத் தெரியாது. சீட் வாங்கும்போது ஏஐஎஸ் 072 அல்லது ஐரோப்பிய ஆர்44, ஆர்129 முத்திரை இருக்கிறதா என்று பாருங்க. ஆர்129 விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை குழந்தையை வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படிதான் உட்கார வைக்க வேண்டும். அப்படிப்பட்ட சீட்டை ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் வைக்கவே கூடாது. விபத்தில் அடிபட்ட பழைய சீட்டை யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பல வீடுகளில் உண்மையான சிக்கல். "மடிய விடப் பத்திரமான இடம் எது?" என்று கேட்பார்கள். வாசலில் பத்து நிமிடம் ஆசை தீரக் கொஞ்சட்டும். வண்டி கிளம்பும்போது குழந்தை பின் சீட்டில் அதன் சீட்டிலும், பாட்டி பக்கத்தில் பெல்ட் போட்டும் உட்காரட்டும். அழுதால் வண்டியை ஓரங்கட்டி, நின்ற பிறகு எடுங்க.

வேன் பிடிக்கும்போது ஒரு விஷயம் கேட்க மறக்காதீங்க: பின் இருக்கையில் தோளைச் சுற்றி வரும் பெல்ட் இருக்கிறதா, இடுப்பில் மட்டும் கட்டுவதா? கைக்குழந்தைக்கான பல சீட்களை இடுப்பு பெல்ட்டை வைத்துக் கட்ட முடியாது. சில வண்டிகளில் பெல்ட் சீட்டுக்கு அடியில் சொருகிக் கிடக்கும், அதைக் கிளம்பும் முதல் நாளே எடுத்துவைக்கச் சொல்லுங்க.