நாய்க்குட்டிக்கு முதற்பாடம்

வீட்டிற்கு நாய்க்குட்டி வந்ததும் நாம் முதலில் அதற்குப் பெயர் சூட்டுகிறோம். மறுநாளே குழாயடியில் அமுக்கிப் பிடித்துக் குளிப்பாட்டுகிறோம். நாமும் ஒருமுறை அப்படித்தான் செய்தோம். அந்தக் குட்டி வளர்ந்த பின் காதைத் தொட்டாலே உறுமிற்று. காதுக்குள் உண்ணிகள் மொய்த்திருந்தும் நம்மால் எடுக்க முடியவில்லை. குற்றம் நாயினுடையதன்று, கற்றுக்கொடுக்கத் தவறிய நம்முடையது.

உண்ணியை அற்பமென்று எண்ணலாகாது. 1960களில் ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ நாய்களை இரத்தக்கசிவு நோய் ஒன்று தாக்கியது. பின்னர் வியட்நாமில் அமெரிக்க இராணுவ நாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை அதே நோயால் மடிந்தன. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்னும் நுண்கிருமியே காரணம். வெயிலும் ஈரமும் நிறைந்த நம் ஜொகூரில் உண்ணிக்கு ஆண்டு முழுவதும் கொண்டாட்டம்தான். ஆகவே நாயின் காதையும் விரலிடுக்கையும் நாள்தோறும் பார்ப்பது அவசியம். அதற்கு நாய் இடங்கொடுக்க வேண்டுமே!

இதை எப்போது பழக்குவது? ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை இருக்கிறது. மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி புதியவற்றை எளிதில் ஏற்றுக்கொள்ளும். அதன்பின் அச்சம் மிகும். ஆனால் தடுப்பூசிகள் முடியவோ பதினாறு வாரங்கள் ஆகும். அதுவரை, பல நாய்கள் வந்துபோகும் பட்டணத்துக் கடைக்குக் கொண்டுபோவது நல்லதன்று. எனவே வீடுதான் அதன் முதற் பள்ளிக்கூடம்.

குட்டி ஓடியாடி ஓய்ந்திருக்கும் வேளையில் தொடங்குவோம். காதை மெல்லத் தொட்டு, உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கொடுப்போம். அடுத்துப் பாதம், வால், வாய். விலகினால் விட்டுவிடுவோம், அதட்ட வேண்டாம். சில நாள் கழித்துச் சீப்பை மோந்து பார்க்கவிட்டு, ஒரே ஒரு முறை வாருவோம். நகவெட்டியின் ஓசையை முதலில் பழக்கி, நாளுக்கு ஒரு நகமாக நுனியை மட்டும் வெட்டுவோம். நகத்தினுள் இரத்தக்குழாய் இருப்பதை மறக்கலாகாது.

குளிப்பாட்டுமுன், நீரில்லாத தொட்டியில் துண்டு விரித்து நிற்கப் பழக்குவோம். பிறகு வெதுவெதுப்பான நீர் சிறிதளவு. காதில் நீர் புகாமல் பார்த்துக்கொள்வோம். நாய்க்குரிய சவர்க்காரமே ஏற்றது. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் வழக்கத்தைக் கைவிடுவோம். அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நஞ்சாகும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தாலே போதும்.

நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் செலவிட்டால் போதும். அடிக்குப் பயந்து படிக்கும் பிள்ளைக்குப் பாடம் நிலைப்பதில்லை, நாய்க்குட்டிக்கும் அப்படியே. நம் கையை நம்பக் கற்ற குட்டி, நோயுற்ற நாளில் மருத்துவரின் கையையும் நம்பும்.