வில்லுக்கு ஒரு பனை: வெட்டுவதற்கு முன் அனுமதி வாங்குங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கொடை விழாக்கள் களைகட்டும். சுடலை மாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் கோயில் முன்பாக விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும். குடம், உடுக்கு, கட்டை, ஜால்ரா என்று பக்கத்தில் எத்தனை கருவி இருந்தாலும், நடுவில் குடத்தின் மேல் கட்டி வைத்திருக்கும் அந்த நீண்ட வில்தான் நிகழ்ச்சிக்குத் தலை. அதன் நாணில் வீசுகோல் விழுந்து, தொங்கும் மணிகள் குலுங்கினால்தான் பாட்டு தொடங்கும்.

மூங்கிலிலும் இரும்பிலும் வில் செய்கிறார்கள். ஆனாலும் பழைய முறைப்படி வில் வேண்டுமென்றால் பனைதான். பனைக்குக் கிளை கிடையாது, அதனால் மரத்தில் கணு விழாது. நார் அடியிலிருந்து நுனிவரை நேராக ஓடும். 8 முதல் 10 அடி நீளத்துக்கு ஒரே துண்டாக, வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிரும் கம்பு வேறு எந்த மரத்திலும் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. சேரர் கொடியில் வில்லும், அவர்கள் சூடிய மாலையில் பனம்பூவும் இருந்ததைப் படித்திருப்போம். வில்லுப்பாட்டுக்காரரின் கையில் அந்த இரண்டும் இன்னும் ஒன்றாகவே இருக்கின்றன.

இன்று புதிதாக ஒரு வில் செய்ய நினைப்பவர் இரண்டு இடத்தில் தடுக்கி நிற்கிறார். வைரம் பாய்ந்த பழைய பனை குறைந்துபோனது முதல் தடை. இருக்கும் மரத்தையும் சொந்த நிலம் என்பதற்காக இஷ்டத்துக்கு வெட்ட முடியாது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது விஷயம் வில் செய்பவரைவிட மரத்தை வைத்திருக்கும் விவசாயிக்குத்தான் முக்கியம். வெட்டிய பிறகு கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சட்டம் ஏன் வந்தது?

பனை நம் மாநில மரம். ஆனாலும் செங்கல் சூளைக்கு அது வெறும் விறகு. வீட்டுமனை போடுபவருக்கு இடைஞ்சல். நான்கு தலைமுறை நின்ற மரங்களை, மொத்தமாக ஒரு விலை பேசி, வேரோடு சாய்த்து லாரியில் ஏற்றிப் போன காட்சி தென் மாவட்டங்களில் பலருக்கும் பழக்கம். பனை ஏறும் ஆள் கிடைக்காத ஊர்களில் பதனீர் வருமானமும் நின்றுபோனது. சும்மா நிற்கும் மரத்துக்குச் சூளைக்காரர் தரும் பணம் விவசாயிக்கு லாபமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

இதற்குத்தான் 2021 ஆகஸ்ட் 14-ல் தாக்கல் செய்யப்பட்ட தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், தவிர்க்க முடியாத நிலையில் பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். அதே அறிக்கையில் 30 மாவட்டங்களுக்கு 76 லட்சம் பனை விதைகளும் 1 லட்சம் பனங்கன்றுகளும் முழு மானியத்தில் வழங்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. பிறகு 2025-ல் அனுமதிக்கான நடைமுறையை அரசு வகுத்தது. உழவன் செயலி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கள ஆய்வு நடக்கும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு முடிவு செய்யும். வெட்டும் ஒவ்வொரு பனைக்கும் ஈடாக 10 பனங்கன்று நட்டு வளர்க்க வேண்டும்.

சட்டம் சரியானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 40 மரத்தைச் சூளைக்கு விற்க நினைப்பவரும், கொண்டை பட்டுப்போன ஒரு மரத்தை வீட்டுக் கைமரத்துக்கு எடுக்க நினைப்பவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சூளைக்கு விற்பவர் காத்திருக்காமல் இரவோடு இரவாக வேலையை முடிக்க வழி தேடுவார். காகிதத்தோடு அலைவது என்னவோ ஒற்றை மரக்காரர்தான். பட்டுப்போன ஒற்றை மரத்துக்கு வட்டார அளவிலேயே விரைவாக அனுமதி கொடுத்தால், விண்ணப்பிக்கும் பழக்கம் ஊரில் தானாக வளரும்.

ஒரு வில்லுக்கு ஒரு மரம் தேவையில்லை

வில் செய்பவர்கள் பலர் முழு மரத்தைத் தேடி அலைகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. பனையின் வைரம் வெளிவட்டத்தில்தான் இருக்கிறது. கருநார் நெருக்கமாக ஓடும் அந்த வளையம்தான் மரம். உள்ளே இருப்பது பஞ்சு போன்ற சோற்றி, அது எதற்கும் உதவாது. அடிமரத்தில் வைரம் தடிப்பாக இருக்கும், மேலே போகப்போக மெலியும். ஆப்பு அடித்து நீளவாக்கில் பிளந்தால் ஒரு மரத்திலிருந்தே பல சட்டங்கள் கிடைக்கும். வில்லுக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு சட்டம்.

அதனால் வில்லுக்காகத் தனியாக மரம் கேட்காமல், வேறு காரணத்துக்காக முறைப்படி அனுமதி வாங்கி வெட்டப்படும் மரத்திலிருந்து ஒரு சட்டத்தை விலைக்கு வாங்குவதே நல்லது. ஓட்டு வீட்டுக்குக் கைமரம், மாட்டுத் தொழுவத்துக்கு விட்டம், சாலை அகலப்படுத்தும் பணி என்று அனுமதியோடு பனை விழும் இடங்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் உண்டு. எந்த ஊரில், யார் நிலத்தில், எப்போது வெட்டப் போகிறார்கள் என்ற விவரம் கள ஆய்வுக்குப் போகும் அலுவலர்களிடம் இருக்கும். அவர்கள் அதை உள்ளூர் ஆசாரிகளுக்கும் வில்லிசைக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். விவசாயிக்கும் இதில் லாபம் இருக்கிறது. விறகு விலைக்குப் போகும் அடிமரம் கைவினைக்குப் போனால் கூடுதலாகக் கேட்கலாம்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பாளை விட்டு, பதனீரோ நுங்கோ கொடுத்துக்கொண்டிருக்கும் மரத்தைத் தொட வேண்டாம். முதல் பாளை பார்க்கவே பனைக்கு 12 ஆண்டுக்கு மேல் ஆகும். காய்ப்பில் நிற்கும் மரம் என்றால் அத்தனை காலம் காத்திருந்து வந்த பலன். இடி விழுந்து கொண்டை கருகிய பனை, குருத்தழுகல் வந்து மொட்டையான பனை, காண்டாமிருக வண்டோ சிவப்புக் கூன்வண்டோ குடைந்து சாகும் பனை ஆகியவற்றை முதலில் பாருங்கள். கொண்டை போன பனை மறுபடி துளிர்க்காது. அப்படிப்பட்ட மரத்துக்கு அனுமதி கேட்கும்போது காரணமும் கண்ணெதிரே நிற்கும். ஆனால் பட்ட மரத்தை நெடுநாள் விட்டு வைக்கக் கூடாது. மேலிருந்து மழைநீர் இறங்கிச் சோற்றி அழுகும், பிறகு வைரமும் கெடும்.

புயலில் சாய்ந்த பனை என்றால் அனுமதி வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். சாய்ந்து கிடக்கும் நிலையில் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலை அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டுத் துண்டு போடுவதே பாதுகாப்பு. அறுத்த பிறகு, அது தானாக விழுந்ததா வெட்டி விழுந்ததா என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

மரம் யாருடையது?

விண்ணப்பம் சிக்கிக்கொள்ள அதிகம் வாய்ப்புள்ள இடம் இதுதான். பட்டா நிலத்தின் உள்ளே நிற்கும் மரம் என்றால் குழப்பமில்லை. ஆனால் பனை பெரும்பாலும் நடு வயலில் நிற்பதில்லை. வரப்பிலும், வாய்க்கால் கரையிலும், ஓடை ஓரத்திலும், வண்டிப்பாதை விளிம்பிலும்தான் நிற்கும். குளக்கரை, ஓடைப் புறம்போக்கில் நிற்கும் மரத்தைத் தாத்தா காலத்திலிருந்து நாம்தான் ஏறி வருகிறோம் என்பதால் அது நம் மரமாகிவிடாது. சந்தேகம் இருந்தால் நில அளவரை வைத்துக் கல் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். இரண்டு பட்டாவின் பொது வரப்பில் நிற்கும் மரம் என்றால் பக்கத்து நிலத்துக்காரரின் சம்மதத்தையும் எழுதி வாங்குங்கள். குத்தகைதாரர் விண்ணப்பிக்க முடியாது, நில உரிமையாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கொடை நடக்கும் கோயிலின் சொந்த நிலத்தில் பனை நின்றால், அந்தக் கோயில் வில்லுக்குத்தானே என்று ஊரார் கூடி வெட்டிவிடுவது உண்டு. கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலரின் இசைவு இல்லாமல் அங்கே கோடரி வைக்கக் கூடாது. நல்ல காரியத்துக்குச் செய்தோம் என்று பிறகு சொன்னால் எடுபடாது.

சந்தனம், செம்மரம் என்றால் வனத்துறையிடம் போக வேண்டும். பனையின் விவகாரத்தை வேளாண், தோட்டக்கலைத் துறையினர் பார்க்கிறார்கள். வழி தவறி வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

விண்ணப்பத்தை வலுவாக எழுதுங்கள்

செயலியில் கேட்கும் விவரங்களை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாமல், கையிலும் ஒரு கோப்பு வைத்துக்கொள்வது நல்லது. சர்வே எண், உட்பிரிவு எண், பட்டா, சிட்டா நகல், வெட்ட வேண்டிய மரத்தின் முழுப் படம், அது நிற்கும் இடம் தெரியும்படி இன்னொரு படம் ஆகியவை அதில் இருக்கட்டும். மரத்தில் பெயிண்ட்டால் எண் போட்டு, அந்த எண்ணும் படத்தில் தெரியும்படி எடுங்கள். கள ஆய்வுக்கு வருபவர் 30 பனைகளுக்கு நடுவே உங்கள் மரத்தைத் தேட வேண்டியிருக்காது. நாளைக்கு நீங்கள் வேறு மரத்தை வெட்டிவிட்டதாக யாரும் புகார் சொல்லவும் முடியாது.

காரணத்தை மழுப்பாமல் எழுதுங்கள். “சொந்த உபயோகம்” என்று இரண்டு சொல்லில் முடித்தால் ஆய்வாளருக்குச் சூளை ஞாபகம்தான் வரும். மரம் பட்டுவிட்டது, அடிமரம் வீட்டுக் கைமரத்துக்கு, ஒரு சட்டம் வில்லுப்பாட்டு வில் செய்வதற்கு, நுனிமரம் வேலிக்கு என்று பிரித்து எழுதினால், படிப்பவருக்கு விஷயம் விளங்கும். வில்லிசைக் குழுவுக்காக என்றால் அந்தக் குழுவிடமிருந்தோ கோயில் நிர்வாகத்திடமிருந்தோ ஒரு கடிதம் வாங்கி இணைக்கலாம். ஈடாக 10 கன்றுகளை எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்பதையும் அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். முடிந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே விதையை ஊன்றி, அந்தப் படத்தையும் சேருங்கள்.

உத்தரவு கைக்கு வரும்வரை மரத்தில் அரிவாள்கூடப் படக் கூடாது. அனுமதி வந்துவிடும், நீ வெட்டு என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். எத்தனை மரத்துக்கு உத்தரவோ அத்தனை மட்டும் வெட்டுங்கள். துண்டுகளை வண்டியில் ஏற்றும்போது உத்தரவின் நகல் ஓட்டுநரிடம் இருக்கட்டும். வில்லுக்கான ஒரே ஒரு சட்டத்தை ஆசாரி எடுத்துப் போனாலும் அவரிடம் ஒரு நகல் கொடுத்தனுப்புங்கள்.

காலக்கணக்கையும் சொல்ல வேண்டும். பங்குனிக் கொடைக்குப் புது வில் வேண்டுமென்று தை மாதத்தில் மரம் தேடினால் ஆகாது. அனுமதி உடனே கிடைத்தாலும், பச்சைப் பனையில் வில் செய்ய முடியாது. பிளந்த சட்டத்தில் சோற்றியைச் செதுக்கி எடுத்துவிட்டு, நேர் வெயில் படாமல் நிழலில், காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் கிடத்தி உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும், வெடிப்பு விழும். அதற்குப் பிறகுதான் இழைத்து, வளைத்து, இரண்டு நுனியிலும் பூண் போட்டு, நாண் ஏற்றும் வேலை. முந்தைய ஆண்டு கொடை முடிந்த கையோடு விண்ணப்பித்தால் அடுத்த ஆண்டுக்குச் சரியாக இருக்கும்.

பத்துக்குப் பத்து பிழைக்க

ஈடாக நடும் கன்று விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பனை விதை முளைக்கும்போது முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும். நாம் பிடுங்கித் தின்னும் கிழங்கு அதுதான். பையில் வளர்ந்த கன்றில் அந்தப் பகுதி முறிந்துவிட்டால் நட்டும் பயனில்லை. எனவே நிற்க வேண்டிய இடத்திலேயே விதையை நேரடியாக ஊன்றுவது மேல். ஆடி கடைசியிலிருந்து புரட்டாசிவரை பழம் விழும். தானாகப் பழுத்து விழுந்த பழத்தின் கொட்டையாகப் பார்த்து எடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, 10 அடிக்கு ஒன்றாக, ஒரு குழியில் இரண்டு விதை வீதம் ஊன்றினால் மழையிலேயே பிடித்துக்கொள்ளும். 10 மரம் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் 15 குழியாவது போடுங்கள்.

முதல் சில ஆண்டு வடலி தரையோடு தரையாகத்தான் கிடக்கும். டிராக்டர் ஏறுவதும், வரப்பில் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதும்தான் அதற்கு எமன். ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஒரு கல்லோ, சுண்ணாம்பு அடித்த குச்சியோ நட்டு வையுங்கள். உழவு ஓட்ட வருபவரிடம் அதைக் காட்டிவிடுங்கள்.