மூசை ஓடு சொல்லும் செய்தி

பொருளறிவியல் ஆய்வாளர் ஒருவரை அறிந்துகொள்வது எவ்வாறு? அவர் பெற்ற பட்டங்களை எண்ணுவதினும், எப்பொருளைக் கையிலெடுத்தார், அதனிடம் யாது வினவினார் என்று காண்பதே நன்று.

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது மேல்சிறுவள்ளூர். அங்குக் கிடந்த உடைந்த மண்மூசை ஓடுகளை ஆராய்ந்தவர் முனைவர் சாரதா சீனிவாசன். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் இயற்பியலும், பின்னர் இலண்டனில் தொல்லியலும் பயின்றவர், பரதநாட்டியமும் வல்லவர். அவ்வூர் பண்டை எஃகு உருக்கிய களம் என்பதை 1994-இல் அவர் வெளியிட்டார்.

ஓடு அதனை எவ்வாறு உரைத்தது? இரும்பில் கரி மிகக் குறைந்தால் அது மெத்தென்றிருக்கும். நூற்றுக்கு நான்கு பங்கானால் வார்ப்பிரும்பாகி நொறுங்கும். ஒன்று முதல் இரண்டு பங்கு வரை சேர்ந்ததே நம் முன்னோரின் உயர்ந்த எஃகு. இரும்புடன் மரத்துண்டு, இலை முதலியவற்றை மூசையிலிட்டு, வாயை மூடிக் கடுந்தீயில் காய்ச்சினர். கரி ஏறிய இரும்பு உருகித் திரண்டது. ஓட்டில் ஒட்டிய உலோகத் துளிகளை நுண்ணோக்கியில் நோக்கினால் அக்கரியின் அளவு புலனாகும். இவ்வெஃகின் இயல்பறிய 1819-இலேயே மைக்கேல் பாரடே முயன்றார்.

சாரதா அவர்களுக்கு 2019-இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது. ஆயினும், அவர் பெருமைக்குச் சான்று அவ்வோடுகளே. உங்கள் ஊர்க் கொல்லையிலும் கருங்கசடு கிடக்கலாம். அதனைப் பெயர்த்தெடாதீர்கள், கிடந்த இடத்தைக் குறித்து ஆசிரியரிடம் கூறுங்கள். இடம் பெயர்ந்த ஓடு பாதி ஊமையாகிவிடும்.