பதினோரு வயதிலே ஒரு தீர்ப்பு!

பந்தாடும் பருவம், பதினோரு வயது. அந்தப் பாலகனை அமர்த்தி, தேர்வுத்தாளைத் தந்து, தலைவிதியை எழுதச் சொன்னார்கள், இங்கிலாந்திலே!

1944-ல் பட்லர் கொணர்ந்த கல்விச் சட்டம், அரசுப் பொறுப்பிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளிலே கட்டணத்தை ஒழித்தது. 1947-ல் 15 வயது வரை கல்வி கட்டாயமாயிற்று. பாராட்டுகிறோம், மறுக்கவில்லை. ஆனால், திறந்த கதவுக்குள்ளே தரம்பிரிக்கும் தராசு!

'லெவன் பிளஸ்' தேர்விலே வென்றால் கிராமர் பள்ளி. அதன்வழி பல்கலைக் கழகம். தொழில்நுட்பப் பள்ளிகளோ மிகச்சில. எஞ்சிய பெரும்பாலோர்க்கு 'செகண்டரி மாடர்ன்'. அங்கே சென்றவரில் பலர், 1950-களிலே, சான்றிதழ் ஏதுமின்றி 15 வயதிலே வெளியேறினர். பெயரிலே புதுமை, பலனிலே பழமை!

அறிவையா அளந்தார்கள்? இடம் மிகுந்த வட்டாரத்திலே வென்றிருக்கக் கூடியவன், இடம் குறைந்த வட்டாரத்திலே தோற்றான். பல ஊர்களிலே, பையன்களைவிட அதிக மதிப்பெண் பெற்றால்தான் பெண்ணுக்கு இடம்! மாறியது மூளையா? முகவரியல்லவா!

1954-ல் லண்டன் கிட்புரூக்கிலே, தரம்பிரிக்காப் பொதுப்பள்ளி பெண்களுக்கெனப் பிறந்தது. 1965-ல் அமைச்சர் கிராஸ்லண்ட், அம்முறைக்கு மாறுமாறு சுற்றறிக்கை விடுத்தார். 1970-ல் தாட்சர் அதைத் திரும்பப் பெற்றார். ஆயினும் அவர் கல்வி அமைச்சராயிருந்த காலத்திலேயே பொதுப்பள்ளிகள் பெருகின. வெள்ளம் அணையைக் கேட்டா பாயும்?

இன்றும் இங்கிலாந்திலே சுமார் 160 கிராமர் பள்ளிகள் உண்டு. வாதமும் ஓயவில்லை.

நாற்றைப் பார்த்தே விளைச்சலை முடிவுகட்டி, பெரும்பகுதியைப் பிடுங்கி எறிபவன் உழவனா? சிந்தியுங்கள்!