கொந்தராத்துக் கொடுக்கும் முன்

கற்பிட்டிக் குடாநாட்டின் எத்தாளையில் வீட்டு வேலை அநேகமாக வாய்ப்பேச்சில்தான் தொடங்கும். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய காசு சேர்ந்ததும் பக்கத்து வீட்டைக் கட்டிய பாஸைக் கூப்பிடுவார்கள். அவர் வளவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு சதுர அடிக்கு இவ்வளவு என்பார். முற்பணம் கைமாறும். “நானா, பதிவு இருக்கா? எந்தச் சங்கத்துல இருக்கீங்க?” என்று கேட்க வாய் வராது. சொந்தக்காரராக இருந்துவிட்டால் கேட்பதே குற்றமாகிவிடும்.

கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதிவு வேறு, சங்கம் வேறு.

பதிவு என்பது அரசின் ஏற்பாடு. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி உருவானது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை. தொழிலில் உள்ளவர்கள் ‘சீடா’ என்பார்கள். பழைய ஆட்களின் வாயில் இன்னும் ‘இக்டாட்’தான். கொந்தராத்துக்காரர்களின் பணபலம், ஆட்பலம், அனுபவம் ஆகியவற்றைப் பார்த்து இது தரம் பிரிக்கிறது. சி1 என்றால் பெரிய கம்பெனி; சி9 கடைசிப் படி. ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழ்ப்படித் தரமே போதும். கவனிக்க வேண்டியவை இரண்டு: பதிவு கட்டட வேலைக்கானதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா? வீதி போடப் பதிந்தவரின் சான்றிதழும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாகத்தான் தெரியும்.

சங்கம் என்பது தொழில் செய்பவர்கள் தாங்களே கூடி அமைத்துக்கொள்வது. இலங்கை தேசிய நிர்மாணச் சங்கம் அந்த வகை. உறுப்பினருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்ளும் தேவை இருக்கிறது, குறை சொல்லிப் போக நமக்கு ஒரு வாசல் இருக்கிறது. ஆனால் சங்க உறுப்புரிமை உத்தரவாதப் பத்திரம் ஆகாது. பிரித்தானியாவில் 1936இல் தொடங்கிய தேசிய வீடமைப்போர் பேரவையில் பதிந்தவர் கட்டும் புது வீட்டுக்குப் பத்து வருடக் காப்பு உண்டு. கனடாவின் ஒன்ராறியோவில் உறவுகள் வாங்கும் புது வீட்டில் பெரிய கட்டமைப்புப் பழுது வந்தால் ஏழு வருடம் வரை ‘டேரியன்’ நிறுவனத்திடம் கோரலாம். தமிழ்நாட்டில் அடுக்குமாடி வாங்குபவருக்கு 2016ஆம் ஆண்டு சட்டம் ஐந்து வருடப் பொறுப்பைக் கட்டுநரின் தலையில் வைத்திருக்கிறது. சொந்த வளவில் பாஸை வைத்துக் கட்டுபவருக்கு இந்த மாதிரி எந்தப் பிடியும் இல்லை. அவருக்குள்ள காப்பு, அவர் எழுதி வாங்கும் ஒப்பந்தம்தான்.

கற்பிட்டிக் குடாநாட்டில் இது இன்னும் முக்கியம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு. இடையிலுள்ள மணலுக்கடியில் நன்னீர் மெல்லிய படையாகத்தான் உவர்நீரின் மேல் மிதக்கிறது. தோட்டத்துக்கு அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு கரிக்கத் தொடங்கும். அந்தத் தண்ணீரிலும் கழுவாத கடல் மணலிலும் கொங்கிரீட் கலந்தால் உப்பு நேரே கம்பியிடம் போகிறது. துருப்பிடித்த இரும்பு பழைய பருமனைவிடப் பல மடங்கு ஊதும். ஊதியதும் பீம் வெடிக்கும், சிலாப்பின் அடிப்பக்கம் செதில் செதிலாகக் கொட்டும். வீடு குடிபுகும் நாளில் இது ஒன்றும் தெரியாது. வருடங்கள் கழித்துத் தெரியும்போது பாஸ் வேறு ஊரில் வேலையில் இருப்பார்.

கற்பிட்டி நகரில் ஒல்லாந்தர் 1676இல் கட்டி முடித்த கோட்டை இதே உப்புக்காற்றில்தான் நிற்கிறது. முருகைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவர். உள்ளே துருப்பிடிக்கக் கம்பி இல்லை. இன்று முருகைக் கல் தோண்டுவது சட்டவிரோதம், கம்பியில்லாமல் சிலாப்பும் போட முடியாது. ஆகவே கொந்தராத்துக்காரரைச் சோதிக்கக் கேட்க வேண்டிய கேள்வி, “மணல் எங்கிருந்து, தண்ணீர் எங்கிருந்து?” குடிக்கத் தகுந்த தண்ணீரே கலவைக்கும் தகும். கொங்கிரீட் போடும் நாளில் கம்பிக் கூட்டின் அடியில் கவர் கட்டைகள் வைத்திருக்கிறாரா என்று குனிந்து பாருங்கள். கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடலாம். சிமெந்துக்கு எஸ்எல்எஸ் 107, முறுக்குக் கம்பிக்கு எஸ்எல்எஸ் 375, சிமெந்துக் கல்லுக்கு எஸ்எல்எஸ் 855 என்று தரக் குறியீடுகள் உண்டு. இவற்றைத் தானாகவே சொல்லும் பாஸ் பாதிச் சோதனையில் தேறிவிட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சான்றிதழ் வைத்திருப்பவர் ஒருவர், கல் வைப்பவர் இன்னொருவராக இருக்கலாம். பதிந்த கம்பெனி வேலையை எடுத்து, அதே ஊர் மேசனிடம் உள்கொந்தராத்து விட்டால் நீங்கள் தேடிய தரம் வாசலிலேயே நின்றுவிடும். வளவில் தினமும் நிற்கப்போவது யார், அவரிடம் என்விகியூ எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பாடசாலையில் படிக்காமல் கைப்பழக்கத்தில் வந்த மேசனும் தன் திறமையைச் செய்துகாட்டி அந்தச் சான்றிதழைப் பெறலாம்.

பணத்தைக் கொடுக்கும் முறைக்குப் புத்தளத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இந்த மாவட்டத்தில் நீண்ட காலம் அகதிகளாக இருந்தார்கள். அவர்களுக்காக உலக வங்கியின் நிதியில் வந்த வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்காரரே சாமான் வாங்கினார், மேசன் பிடித்தார். ஆனால் காசு மொத்தமாகக் கைக்கு வரவில்லை. வேலை நகர நகரத்தான் தவணை விட்டார்கள். பின்னர் வடக்கு கிழக்கில் இந்திய அரசு ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்த திட்டமும் அதே வழிதான். அத்திவாரம், லிண்டல் மட்டம், கூரை, பூச்சு என்று பிரித்து, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். கடைசியில் 5 சதவீதத்தை ஒரு வருடம் நிறுத்தி வைப்பது கொந்தராத்து உலகில் புதிதல்ல. அந்த வருடத்தில் ஒரு மாரியும் வந்து போய்விடும்.

விலையையும் எழுத்தில் வையுங்கள். 2021இல் ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு விற்ற 50 கிலோ சிமெந்து மூடை, 2022 நடுப்பகுதியில் மூவாயிரத்தைத் தொட்டது. வாய்ப்பேச்சில் எடுத்த வேலைகள் அரைச் சுவரில் நின்றபோது இரண்டு பக்கமும் தங்கள் நியாயத்தைச் சொன்னார்கள், காட்டுவதற்கு மட்டும் கடதாசி இல்லை. சாமான் விலை ஏறினால் யார் தலையில் எவ்வளவு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதைக் கணக்கிட உதவும் விலைச் சுட்டெண்களைச் சீடாவே வெளியிடுகிறது.

அத்திவாரம் வெட்டும் முன் கற்பிட்டி பிரதேச சபையில் பிளான் அனுமதி எடுக்க வேண்டும். உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் வளவு இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். “அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம்” என்று சொல்லும் கொந்தராத்துக்காரரை, அவர் எந்தச் சங்கத்தில் இருந்தாலும், அங்கேயே விட்டுவிடுங்கள். மற்றவரிடம் பதிவு இலக்கத்தை வாங்கிச் சீடாவில் சரிபாருங்கள். அவர் ஐந்து வருடத்துக்கு முன் முடித்த ஒரு வீட்டுக்குப் போய் சிலாப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முற்பணம் அதற்குப் பிறகு.