உங்களுக்குத் தெரியுமா? பூனை தத்தெடுக்கலாம் வாங்க!

● மீட்ட பூனையைச் சில வாரம் தன் வீட்டில் வைத்துப் பார்த்து, பிறகு தத்துக் கொடுப்பவர்தான் ‘ஃபாஸ்டர்’. மணல் தட்டில் போகிறதா, குழந்தையைக் கண்டால் ஓடுமா, வீட்டு நாயோடு ஒத்துப்போகுமா என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நிறத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் இதையெல்லாம் அவரிடம் கேளுங்கள்.

● பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிட வேண்டும். தாயில்லாத குட்டிக்கு, ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஃபாஸ்டர் வீட்டார் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் தடவிவிடுகிறார்கள், நள்ளிரவிலும்! அந்தப் பாலும் பசும்பால் அல்ல. அது வயிற்றைக் கெடுக்கும். குட்டிகளுக்கென்றே பால்பவுடர் இருக்கிறது.

● 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி மடியில் ஏறும். அந்த வயதைத் தாண்டிப் பிடித்து வந்தால் சீறும். பழக்கப் பொறுமை வேண்டும்.

● தேனி மாவட்ட மேகமலை அடிவாரத் தோட்டத்தில் கிடைக்கும் குட்டி, வீட்டுப் பூனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உலகின் மிகச் சிறிய காட்டுப்பூனைகளில் ஒன்றான துரும்பன் பூனை தமிழ்நாட்டிலும் உண்டு. வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். சாம்பலும் செம்பழுப்பும் கலந்த உடல், அதில் துருப்பிடித்தாற்போல் புள்ளிகள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். தாய் இரை தேடப் போயிருக்கலாம்; தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்தபின் பலரும் புலியைப் பற்றியே பேசுகிறார்கள். இந்தக் குட்டிப் பிரஜையை யாரும் கண்டுகொள்வதில்லை!

● வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு மூன்றும் கலந்த பூனை அநேகமாகப் பெட்டைதான். செம்பழுப்பு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே காரணம்.

● பெட்டைப் பூனை 4, 5 மாதத்திலேயே சினை பிடித்துவிடும். சுமார் 9 வாரத்தில் குட்டி. அதனால் “கருத்தடை ஆயிற்றா?” என்று கேட்டு, அறுவைச் சிகிச்சை, தடுப்பூசிச் சீட்டுகளைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

● பூனைக் குடல் நோய் வைரஸ் ஓர் அறையில் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும். உங்கள் வீட்டில் முன்பு குட்டி அந்த நோயில் இறந்திருந்தால், தடுப்பூசி முடிந்த பூனையை மட்டுமே கொண்டுவாருங்கள்.

● கம்பம் பன்னீர் திராட்சையின் இனிப்பு பூனைக்குத் தெரியாது! இனிப்பை உணரும் மரபணு அதற்குப் பழுதுபட்டது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள்.

● காய்ச்சல் என்று நினைத்துக் கொடுக்கும் ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே.

● விலங்குகளை மீட்டுப் பராமரிக்கும் ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியாவைச் சென்னையில் 1959இல் தொடங்கியவர் ஒரு விமானி: கேப்டன் வி. சுந்தரம்.

● புதுப் பூனை முதல் சில நாள் கட்டிலடியில் பதுங்கினால் பதற வேண்டாம். ஒரே அறையில் தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு வைத்துவிட்டு விலகியிருங்கள். ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னவில்லை என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்; தேனிப் பக்கம் இருப்பவர்களுக்கு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மாவட்டத்திலேயே, வீரபாண்டியில் இருக்கிறது.