புரதம் வெட்டும் நொதியங்களும் குடல் அழற்சியும்

பெருநாளைக்கு மாட்டிறைச்சி ஆக்கும்போது பப்பாசிக்காயை அரைத்துப் பூசி வைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். எவ்வளவு முற்றிய இறைச்சியும் மெத்தென்றாகிவிடும். காயின் பாலில் உள்ள பப்பேன் என்ற நொதியம் இறைச்சியிலுள்ள புரதத்தை வெட்டிவிடுவதே காரணம். இதே வேலையைச் செய்யும் நொதியங்கள் எமது வயிற்றினுள்ளும் சுரக்கின்றன. எமது குடலும் புரதத்தால் ஆனதுதானே, அது ஏன் கரைந்துபோவதில்லை?

உயர்தர உயிரியல் படிப்பவர்களுக்கு இதன் விடை தெரிந்திருக்கும். சதையி திரிப்சினை நேரடியாகச் சுரப்பதில்லை. திரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவிலேயே அனுப்புகின்றது. அது முன்சிறுகுடலை அடைந்த பின்னர் அங்குள்ள வேறொரு நொதியம் அதிலிருந்து சிறு துண்டொன்றை வெட்டி நீக்குகின்றது. அதன் பிறகே திரிப்சின் வேலையைத் தொடங்கும். போதாததற்குக் குடற்சுவரைச் சீதப்படலம் மூடிக் காக்கின்றது. ஈரல் உற்பத்தி செய்யும் அல்பா-1 அன்டிதிரிப்சின் என்ற புரதமோ குருதியில் சுற்றித் திரிந்து, இத்தகைய நொதியங்களைக் கண்ட இடத்தில் கட்டிப்போடுகின்றது.

குரோன் நோயிலும் பெருங்குடற் புண்ணழற்சியிலும் இந்தக் கட்டுப்பாடு குலைகின்றது. (எங்கள் ஊர்களில் எல்லா வயிற்று வலிக்கும் ‘கெஸ்ட்ரைட்டிஸ்’ என்று ஒரே பெயர்தான். இவை அதுவல்ல.) அழற்சி ஏற்பட்ட இடத்திற்கு நடுநிலைநாடிகள் எனும் வெண்குருதிக் கலங்கள் கூட்டமாக ஓடிவருகின்றன. கிருமிகளைக் கொல்வதற்காக அவை எலாஸ்ரேஸ் என்ற நொதியத்தைக் கொட்டுகின்றன. அந்த நொதியத்திற்குக் கிருமி எது, வீட்டுச் சுவர் எது என்ற வேறுபாடு தெரியாது. இழையத்தைத் தாங்கும் நார்களையும் கலங்களை ஒட்டி வைத்திருக்கும் புரதங்களையும் அது வெட்டுகின்றது. இடைவெளி விழுந்ததும் குடலிலுள்ள பற்றீரியாக்கள் உள்ளே நுழைகின்றன. அவற்றை எதிர்க்க இன்னும் நடுநிலைநாடிகள் வருகின்றன, இன்னும் எலாஸ்ரேஸ் கொட்டப்படுகின்றது. நோய் நீண்டு செல்வதற்கு இந்தச் சுழற்சியும் ஒரு காரணம். பரம்பரை அலகுகள், நிர்ப்பீடனத் தொகுதி, குடல் நுண்ணங்கிகள் ஆகியவற்றுக்கும் இந்நோய்களில் பங்குண்டு. எனவே நொதியங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட முடியாது.

நுண்ணங்கிகளின் பங்குதான் என்னை அதிகம் வியக்கவைத்தது. சில பற்றீரியாக்கள் தாமே புரதம் வெட்டும் நொதியங்களைச் சுரந்து கேடு செய்கின்றன. ஆனால் 2022 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு நேர் எதிரானது. பெருங்குடலில் வாழும் பராப்ரெவொடெல்லா கிளாரா என்ற பற்றீரியா திரிப்சினைத் தன் மேற்பரப்புக்கு இழுத்து, அது தன்னைத்தானே வெட்டிக்கொண்டு அழியும்படி செய்கின்றது. சிறுகுடலில் தேவைப்பட்ட கத்தியைப் பெருங்குடலில் உறையில் போட்டுவைக்க ஒரு நுண்ணங்கி உதவுகின்றது!

மருந்தகங்களில் விற்கும் சமிபாட்டு நொதிய மாத்திரைகளை வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் எனப் பெற்றோர் எண்ணக்கூடும். அவை சதையி போதியளவு சுரக்காதவர்களுக்கு உரியவை, குடல் அழற்சிக்கான மருந்தல்ல. தற்போது கொடுக்கப்படும் மருந்துகள் பெரும்பாலும் நிர்ப்பீடனத் தொகுதியின் வேகத்தைத் தணிப்பவை. நொதியங்களைத் தடுக்கும் மருந்துகள் இன்னும் ஆய்விலேயே உள்ளன.

இந்நோய்கள் பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள், அதாவது எங்கள் வயதிலேயே, தலைகாட்டுகின்றன. வாரக்கணக்கில் வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காரணமின்றி உடல் மெலிதல் என்பன அறிகுறிகள். மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு உம்மாவிடம்கூடச் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வைத்தியர் முதலில் கேட்பது பெரும்பாலும் சிறு குப்பியில் மலமாதிரி மட்டுமே. நடுநிலைநாடிகள் விட்டுச்செல்லும் கல்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அதில் அளப்பார்கள். அது உயர்ந்திருந்தால்தான் கமெராக் குழாய் செலுத்திக் குடலைப் பார்ப்பது பற்றிப் பெரும்பாலும் யோசிப்பார்கள்.